திருவிழா நாயனத்தைத் தேடி: பழைய கேசட்டுகளைச் சேர்க்கப் புதிதாக வருவோருக்கு

நாதஸ்வரம் என்று பத்திரிகைகள் எழுதினாலும் எங்கள் பக்கத்தில் அது நாயனம்தான். திருவாரூர், மயிலாடுதுறை, நீடாமங்கலம், மன்னார்குடி என்று காவிரி பாயும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், நாயனமும் தவிலும் இல்லாமல் சாமி புறப்பட்டதில்லை, தாலி ஏறியதில்லை. அந்த வாசிப்பில் கடைக்கு விற்பனைக்கு வந்தது கைப்பிடி அளவு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். 1898இல் திருமருகலில் பிறந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் கேட்டு வியக்கிறோம். அதே தோடியைத் தெருவில் மணிக்கணக்கில் வாசிக்கக் கேட்டதாகச் சொல்லிய பெரியவர்கள், தட்டில் இருப்பது ஒரு மிடறு என்பார்கள். மீதிக் குடம் காற்றோடு போயிற்று.

பின்னால் வந்தவர்களின் வாசிப்பு அப்படி முழுதாகப் போய்விடவில்லை. வீடுகளுக்கு டேப் ரெக்கார்டர் வந்த பிறகு, பள்ளிக்கூட வாத்தியார், சிங்கப்பூரிலிருந்து கூத்தாநல்லூருக்கோ அதிராம்பட்டினத்துக்கோ திரும்பியவர், கோயிலுக்கு மைக் செட் வைத்தவர் என்று யாராவது ஒருவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பதிந்துகொண்டிருந்தார். எந்தக் கம்பெனியும் வெளியிடாத அந்தப் பதிவுகள் இன்றும் இரும்புப் பெட்டிகளிலும் அலமாரியின் அடித்தட்டுகளிலும் கிடக்கின்றன. இருபது ஆண்டுகளாக அவற்றைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவருக்கு நான் கற்ற வேலைமுறையை இங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சொல். எந்த ஊர், எந்த நாள், யார் நாயனம், யார் தவில் என்று தெரியாத பதிவு பாதி தொலைந்த பதிவு. நல்ல நாடா நாற்பது ஆண்டு தாங்கிவிடுகிறது. பதிந்தவருக்கு அப்போதே வயது நாற்பது என்றால் இன்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே கேசட்டைவிட அவசரம் அந்த மனிதருக்குத்தான்.

முதலில் காது

எடுத்த எடுப்பில் தேடக் கிளம்ப வேண்டாம். ஐந்தாறு மாதம் கேளுங்கள். காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஆகியோரின் வெளியிடப்பட்ட பதிவுகளை விலை கொடுத்து வாங்கிக் கேளுங்கள். கலைஞருக்கும் வெளியிட்டவருக்கும் சேர வேண்டியது சேரும் என்பது ஒன்று. அதோடு, அபூர்வம் என்று உங்கள் கையில் வந்து விழப்போகிறவற்றில் பல, கம்பெனி கேசட்டின் நகல்களே. அசலைக் கேட்ட காதுதான் அதை உடனே பிடிக்கும். கூட்டத்தின் இரைச்சலே இல்லாமல், ஒவ்வொரு உருப்படியும் துல்லியமாகத் தொடங்கி மெல்லத் தேய்ந்து முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, கோயில் வாசிப்பின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று. ராகமாகவே வளர்ந்து சுற்றிச் சுற்றி வரும் ரக்தி உண்டு. செம்பொன்னார்கோயில் வழியினர் அதில் பெயர் பெற்றவர்கள். தெப்பத்துக்கு ஓடம். பள்ளியறைக்கு நீலாம்பரி. கல்யாணத்தில் ஊஞ்சலும் லாலியும் நலங்கும், தாலி கட்டும்போது கெட்டிமேளமும். இவை காதில் பழகிவிட்டால், பெயர் எழுதாத கேசட்டை ஓடவிட்டவுடன் அது வீதியுலாவா, கல்யாணமா, மேடைக் கச்சேரியா என்று சொல்லிவிடலாம். பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

யார் வீட்டில் இருக்கும்

என் அனுபவத்தில் முதல் இடம் மைக் செட் வைத்தவர்களுக்கு. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேரே கம்பி இழுத்து ரெக்கார்டரில் பதிவது அவர்களுக்குக் கைவந்த வேலை. அடுத்த ஊரில் விழா தொடங்குமுன் போடுவதற்கு அவர்களுக்கு நாயனக் கேசட் தேவைப்பட்டது, அதற்காகவே பதிந்தார்கள். ஒலிவாங்கிக்கு நேராகப் பதிந்ததால் நாயனம் தெளிவாக இருக்கும். தவில் சற்றுத் தள்ளிக் கேட்கும். கூட்டத்தில் உட்கார்ந்து பதிந்தவரின் கேசட்டில் இரண்டும் கலந்து, பக்கத்தில் உட்கார்ந்தவரின் ‘ஆகா’வும் சேர்ந்திருக்கும். ஒரே இரவின் இந்த இரண்டு பதிவும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மேளக்காரர் குடும்பங்கள். ஆடி மாதம் போங்கள். முகூர்த்தம் இல்லை, பகலில் வீட்டில் இருப்பார்கள். வைகாசியில் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவருக்கு வண்டி வந்துவிடும். நாயனக்காரரை மட்டும் தேடாமல் தவில்காரர் வீட்டுக்கும், சுருதிக்காக ஒத்து ஊதியவர், தாளம் போட்டவர் வீட்டுக்கும் போக வேண்டும். செட்டோடு ஊர் ஊராகப் போன ஒத்துக்காரருக்கு எந்த ஊரில் எந்த ஆண்டு என்ன வாசித்தார்கள் என்பது நாயனக்காரரைவிட நன்றாக நினைவிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வானொலியிலிருந்து பதிந்தவர்கள் மூன்றாவது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. எங்கள் வீடுகளில் சங்கீதம் என்றால் பல காலம் அதுதான். ரேடியோவின் முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த கேசட்டில் மத்திய அலையின் சீழ்க்கையும், நடுவில் சமையலறைப் பாத்திரச் சத்தமும் இருக்கும். அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லிவிடுவதால் விவரத்தில் மட்டும் இவை மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தவை.

அறுவடைக் காலத்தில் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். சம்பா வீடு வந்து சேர்ந்த பிறகு, மாசி பங்குனியில், திண்ணையில் பேச ஆள் கிடைக்கும். முதல் நாள் கேசட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். “ஐயா, அந்தக் காலத்தில் தெப்பத்துக்கு யார் மேளம் வரும்?” என்று தொடங்குங்கள். அவர் ஒரு மணி நேரம் பேசட்டும். கடைசியில் அவரே எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவருவார். வந்த அன்றே கேட்டுப் பெட்டியைத் தூக்கிப் போனவர்களும், போனவர்கள் திரும்பி வராததும் இங்கே பல வீடுகளில் ஆறாத வருத்தம். ஆகவே கருவியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய், அவர் கண்முன் பதிவை மாற்றுவதே என் வழக்கம். எடுத்துப்போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எத்தனை கேசட், ஒவ்வொன்றின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திருப்பும் தேதியையும் எழுதுங்கள். அதற்கு முதல் நாளே திருப்பிவிடுங்கள்.

கேசட் கைக்கு வந்ததும்

ஓடவிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. உறை, அட்டை, கேசட்டின் இரு பக்கம் என்று எல்லாவற்றையும் படம் எடுங்கள். கிறுக்கல், அடித்தல், விலைச்சீட்டு எதையும் விடாமல்.

பிறகு வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிய நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. எங்கள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு இது எல்லா வீட்டிலும் உண்டு. அதை நல்ல கருவியில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். வெயிலில் காயவைக்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்து உலரவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் நுழைத்துக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பூஞ்சைக் கேசட்டுகளுக்கென்று ஒரு பழைய கருவியைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

நாடாவை ஹெட்டோடு அழுத்துவதற்கு, கேசட்டின் வாயில் நடுவே ஒரு சிறு மெத்தைத் துண்டு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி அமுங்கியும் அலைந்தும் வரும். பலர் இதைப் பார்த்து ‘நாடா போய்விட்டது’ என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஐந்து திருகு வைத்த வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் அது பழையபடி பாடும். நாடா அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாவை மட்டும் பயன்படுத்துங்கள். செலோடேப்பின் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

நீளத்தையும் பாருங்கள். 60 நிமிடக் கேசட்டின் நாடா தடிப்பானது. 90 நிமிடத்தது அதைவிட மெலிது. 120 நிமிடத்தது மிக மெலிது, சுருண்டு சிக்கிக்கொள்ளும். அதை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டவே கூடாது.

இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்க வேண்டும். ஒரு முறை, சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்த கேசட்டை வேறு வேலை செய்துகொண்டே ஓடவிட்டிருந்தேன். பாட்டுகள் முடிந்து, ‘டொக்’ என்று பொத்தான் விழும் ஒரு சத்தம். அதற்கு அடுத்த நொடி, ஏற்கெனவே பாதிக்கு மேல் வளர்ந்துவிட்ட ஒரு காம்போதி ராகம். பழைய பதிவின்மேல் யாரோ பாட்டுகளைப் பதிந்திருக்கிறார்கள். பாட்டு தீர்ந்த இடத்துக்கு அப்பால் பதினோரு நிமிடம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒத்தின் சுருதிகூட ஆடாமல் நிற்கிறது. யார் வாசித்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒலியைக் கணினிக்கு மாற்றுதல்

கையடக்கமான பிளாஸ்டிக் மாற்றுக் கருவிகளை நம்பாதீர்கள். அவற்றின் வேகம் நிலையாக இருப்பதில்லை. நீண்டு நிற்கும் கார்வையில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய, கனமான கேசட் டெக் ஒன்றை வாங்கி, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்த கை இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் கொடுத்து, பெல்ட்டையும் ரப்பர் உருளையையும் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைத்து, காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

அடுத்தது புதியவர்கள் பெரும்பாலும் அறியாதது. பதிந்த கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருந்தால்தான் ஒலி முழுதாக வரும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சிறு திருகு இருக்கும். பதிவை ஓடவிட்டுக்கொண்டே அதை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ஒலி மங்கும், தெளியும். எதைக் கேட்டு நிறுத்துவது என்றால் தாளத்தை. நாயனத்தையும் தவிலையும் விட்டுவிட்டு, அந்த வெண்கலத் தாளத்தின் ‘ஜிங்’ எங்கே கூர்மையாக விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று குறித்துக்கொண்டால் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். நாடா மங்கிவிட்டது என்று நான் ஒதுக்கிவைத்திருந்த கேசட்டுகளில் பாதி, இந்தத் திருகைத் தெரிந்துகொண்ட பிறகு உயிர் பெற்றன.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்பியைக் கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். லைன் இன் வசதியுள்ள வெளிச் சவுண்ட் கார்டு வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். இடம் போதாதென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், அதில் பாதி. பிறகு ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஒலியில் எதுவும் குறையாமல் அளவு இன்னும் சுருங்கும். எம்பி3 வாசலில் கொடுப்பதற்கு மட்டும், சேமிப்புக்கு ஆகாது.

ஒலி அளவை ஆலாபனையில் வைத்துச் சரிசெய்வது எல்லோரும் செய்யும் பிழை. ஆலாபனையில் முள் அமைதியாக இருக்கும். தவில் தனி வந்ததும், வலந்தலையில் கூடு போட்ட விரலும் தொப்பியில் கழியும் சேர்ந்து விழும் அடியில் முள் உச்சிக்குப் போய் ஒலி உடையும். ஆகவே முதலில் தனியைத் தேடிப் போட்டு, அதன் உச்சம் –6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். கருவியில் இரைச்சல் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். வீதியில் பதிந்தவற்றில் அது அநேகமாக இருப்பதில்லை. பதிவு ஒற்றை ஒலித்தடம் போலத் தோன்றினாலும் இரண்டு தடமாகவே எடுங்கள். ஒரு தடம் மற்றதைவிடச் சுத்தமாக இருப்பது உண்டு.

வேகம் தனி விஷயம். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர், பேட்டரி இறங்க இறங்க மெதுவாகச் சுற்றியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் இன்று ஓட்டினால், சுருதி போகப் போக ஏறும். தொடக்கத்தில் இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருந்த பாரி நாயனம் (நீளமான, தாழ்ந்த சுருதி நாயனம்) முடிவில் மூன்றைத் தொட்டால், வாசித்தவர் நாயனத்தை மாற்றவில்லை, பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஒரு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் கட்டையைக் குறித்துவாருங்கள். மின்சாரத்தில் ஓடிய பதிவு என்றால் இன்னோர் அளவுகோலும் உண்டு: பின்னணியில் ஒலிக்கும் மின்சார ரீங்காரம். அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். மென்பொருளில் பார்க்கும்போது 53 காட்டினால் பதிவு ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி ஓடுகிறது என்று பொருள். அந்நாள் மின்சாரமே 50க்குக் கீழே இறங்கித் தள்ளாடியது உண்டென்பதால், இதை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல் காதோடு சேர்த்துப் பாருங்கள்.

வேகத்தைத் திருத்துவதும் இரைச்சலை நீக்குவதும் எப்போதும் நகலில்தான். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு நாடாவின் ‘உஸ்’ சத்தமும் நாயனத்தின் வாயில் வைக்கும் சீவாளியில் நுழையும் மூச்சும் ஒன்றுதான், இரண்டையும் துடைத்துவிடும். மூச்சு போன நாயனம் எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

வெட்டாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடங்கிய புதிதில், இடம் மிச்சம் பிடிக்க நினைத்து, உருப்படிகளுக்கு நடுவே இருந்த பேச்சு, அறிவிப்பு, இருமல், சலசலப்பு எல்லாவற்றையும் வெட்டி, இசையை மட்டும் சேமித்தேன். வேதாரண்யம் பக்கத்து வீடொன்றின் பதினான்கு கேசட்டை அப்படிச் செய்து திருப்பிக் கொடுத்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்த வீட்டின் கூரை போயிற்று, கேசட்டுகளும் போயின. இன்று என்னிடம் பதினான்கு கேசட் இசை இருக்கிறது. அதில் ஒன்றுக்கும் ஊர் தெரியாது, ஆண்டு தெரியாது. நான் வெட்டி எறிந்த பேச்சில் அது இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், அதற்குப் பிறகு வந்த ஒரு கேசட். அதன் மேல் நீல மையில் ‘தெப்பம், 2ம் நாள்’ என்று மட்டும் இருந்தது. தெப்பம் இல்லாத பெரிய கோயில் எது? ஒரு கிருதி முடிந்து தவில்காரர் வாரை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்கிறது. அதற்கு நடுவே ஒலிபெருக்கியில் ஒரு குரல்: “வடகரையில் சைக்கிள் நிறுத்தியிருக்கும் அன்பர்கள், கமலாலயத்துப் படிகளை மறைக்காமல் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.” ஒரே வாக்கியம். திருவாரூர் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு திருவாரூருக்குப் போய், வடகரையில் அந்நாளில் மைக் செட் வைத்தவரின் மகனைக் கண்டுபிடித்து, குரல் யாருடையது என்று கேட்டேன். “அப்பா” என்றார். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு அவர்தான் உள்ளே போய் அப்பாவின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். ஆண்டு அதில் இருந்தது.

காலத்தைக் கண்டுபிடிக்கும் துப்புகள் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். தூரத்தில் வேறொரு ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு: அந்தப் படம் வெளிவந்த ஆண்டுக்கு முன்னால் இந்தப் பதிவு இருக்க முடியாது. நன்கொடை அறிவிப்பில் வரும் தொகை, வாழ்த்துரையில் பெயர் சொல்லப்படும் அமைச்சர், ரயிலின் கூவல் நீராவி எஞ்சினுடையதா இல்லையா என்பது. எல்லாவற்றையும் எழுதுங்கள், இன்று பயன் தெரியாவிட்டாலும்.

கலைஞர்களின் வாழ்நாளும் ஓர் எல்லை. கேசட் என்ற பொருளையே பிலிப்ஸ் நிறுவனம் 1963இல்தான் அறிமுகம் செய்தது. எங்கள் ஊர்களுக்கு அது பரவலாக வந்தது இன்னும் பல ஆண்டு கழித்து. ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956. காருகுறிச்சியார் மறைந்தது 1964. ஆகவே “கோயிலில் அவர் வாசிக்கும்போது நேரே பதிந்த கேசட்” என்று யாராவது கொடுத்தால், அது ஸ்பூலிலிருந்தோ (கூடில்லாத பெரிய சுருள் நாடா) வானொலியிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த நகலாகத்தான் இருக்க வேண்டும். கொடுப்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதிலிருந்து எடுத்தது, யாரிடம் அந்த மூலம் இருந்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிக்கும் பதிவு 1975க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. தவில் யார் என்று அட்டையில் எழுதாதவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு மூத்த தவில்காரரிடம் போட்டுக் காட்டினால் நாலு ஆவர்த்தனத்தில் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் இருவரிடம் கேளுங்கள். இருவரும் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் எதைச் சொன்னார் என்றும் எழுதுங்கள்.

ஸ்பூல் கிடைத்தால்

நீங்களாக ஓட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: சுற்றிய நாடாவின் ஊடே ஒளி கசிந்தால் அது அசிடேட், பழையது, எளிதில் ஒடியும். வினிகர் வாடை அடித்தால் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஸ்பூல் ஓட்டத் தெரிந்த காப்பகத்திடம் ஒப்படைப்பதே நல்லது. சென்னையில் சம்பிரதாயா போன்ற அமைப்புகள் கர்நாடக சங்கீதப் பதிவுகளுக்கென்றே இருக்கின்றன.

பெயரும் பாதுகாப்பும்

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், நாயனம், தவில் என்ற வரிசையை வைத்துக்கொண்டால் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் தானே அடுக்கிக்கொள்ளும். தெரியாத இடத்தில் ஊகத்தைப் போடாமல் கேள்விக்குறி போடுங்கள். ஊகம் இரண்டு கை மாறினால் உண்மையாகிவிடும். ஒவ்வொரு பதிவோடும் ஓர் எழுத்துக் கோப்பு: யாரிடமிருந்து வந்தது, எத்தனையாவது தலைமுறை நகல், எந்தக் கருவியில் மாற்றியது, கட்டை என்ன, உருப்படிகள் என்ன, யார் எதை அடையாளம் சொன்னார்.

மூன்று நகல் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஆறும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். ஒரே வீட்டில் மூன்று டிரைவ் வைத்தால் ஒரு வெள்ளம் மூன்றையும் எடுத்துக்கொள்ளும். மாற்றி முடித்த கேசட்டையும் எறியாதீர்கள். பெட்டியில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

இந்த வட்டத்தில் பதிவுக்குப் பதிவு கொடுப்பதுதான் முறை, காசு கிடையாது. விற்பவரிடம் வாங்காதீர்கள், நீங்களும் விற்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், வாசித்த கலைஞருக்குத் தன் வாசிப்பின்மேல் உரிமை கொடுத்தது. 1999இல் அதன் காலம் 50 ஆண்டாக்கப்பட்டது. வாசித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அது கணக்கு. ஆகவே நம் கைக்கு வரும் 1980களின் பதிவுகள் பெரும்பாலும் இன்னும் அவர்களுடையவை என்றே கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றுவதென்றால் கலைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகு ஏற்றுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாடா பாதுகாப்பாக இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விடிய விடிய நின்று ஊதியவருக்கு அன்று கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று அந்த வீடுகளில் கேட்டால் இதில் காசு பார்க்க மனம் வராது.

கேசட் கொடுத்தவருக்கு ஒரு நகல், வாசித்தவர் குடும்பத்துக்கு ஒரு நகல். இது முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அதைப் போட்டுக் கேட்க வசதி இருக்காது. ஒரு சிறு ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். போன மாதம் நாச்சியார்கோயில் பக்கம் அப்படி ஒரு வீட்டில் போட்டபோது, நாயனத்தைக் கேட்டு எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும், “ஒத்து எங்கள் அண்ணன், மூச்சு இழுக்கிற இடம் தெரிகிறது பார்” என்றார். நாயனம், தவில், தாளம் என்று எல்லாப் பெயரும் எழுதியிருந்த என் குறிப்பில் ஒத்துக்கு நேரே கேள்விக்குறி இருந்தது. அண்ணன் பெயரைக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.